கறிக்கடை அக்கா சொன்னது

கழுத்து அறுபட்டவன் பேச மாட்டான் என்பதில் பூங்கொடிக்குச் சந்தேகமே கிடையாது. அன்று பார்த்த பேய்ப் படத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டர், கண்ணாடித் துண்டால் தொண்டை கிழிந்த பிறகும் சாவகாசமாகக் கொலைகாரனின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் செத்தார். மூச்சுக்குழல் போய்விட்டால் காற்று அந்த ஓட்டை வழியாகவே வெளியேறிவிடும், பேச்சு வராது, உலை கொதிப்பது மாதிரி ஒரு சத்தம்தான் வரும் என்று அவள் சிடிக் கடைக்காரனிடம் சொன்னாள். பதினெட்டு வருடமாக அந்தச் சத்தத்தைத் தினமும் விடிகாலையில் கேட்கிறவள் அவள்.

கோவில்பட்டி மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில் அவளும் கணவன் தங்கப்பாண்டியனும் கறிக்கடை வைத்திருந்தார்கள். ஆடு பிடித்து வருவதும் அறுப்பதும் உரிப்பதும் அவன் வேலை. கொக்கியில் தொங்குவதை இறக்கி, மூட்டு மூட்டாகப் பிரித்து, கட்டையில் வைத்து வெட்டி நிறுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஒரு மணிக்குக் கடையைக் கழுவிவிட்டால் அப்புறம் சும்மாதான். மகள் விருதுநகரில் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள். தங்கப்பாண்டியன் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான். பூங்கொடி எதிர்க்கடையில் சிடி எடுத்து வந்து படம் பார்ப்பாள். குடும்பப் படம் அவளுக்குப் பிடிக்காது. பேய், பிசாசு, வேற்றுக்கிரக மிருகம், சீனாக்காரன் சண்டை, இவைதான் வேண்டும்.

எதிர்க்கடை செல்வகணேஷுடையது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போக மனமில்லாமல் சிடிக் கடை போட்டவன். கல்யாணம் ஆகாதவன். சண்டைப் படங்களில் எந்த வாத்தியாரின் சீடன் எந்தப் படத்தில் எந்தக் காலால் உதைத்தான் என்பதுவரை சொல்லுவான். பூங்கொடி சிடியைத் திருப்பிக் கொடுக்க வரும்போது இருவருக்கும் அரைமணி நேரமாவது வாக்குவாதம் நடக்கும். பதினோரு பேர் சூழ்ந்து நிற்கும்போது ஏன் ஒவ்வொருத்தனாக வருகிறான், மற்ற பத்துப் பேரும் ரேஷன் கடை வரிசையிலா நிற்கிறார்கள் என்று அவள் கேட்பாள். அக்கா, அதை நடனம் மாதிரிப் பார்க்க வேண்டும் என்று அவன் சொல்லுவான். நடனம் என்றால் ரத்தம் எதற்கு என்பாள் அவள்.

அவள் எல்லாவற்றையும் குறை சொல்கிறவளும் அல்ல. ஒரு கிரகத்தில் சுரங்கம் தோண்டுகிறவர்களைப் புழுதிக்குள் வாழும் மிருகம் ஒன்று அடித்துத் தின்னும் படத்தை மூன்று தடவை வாங்கிப் போனாள். அந்த மிருகம் சாக்கைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேர் குனிந்து நடப்பது என்று பச்சையாகத் தெரிந்தது. செல்வகணேஷ் அதைச் சொல்லிச் சிரித்தபோது அவளுக்குக் கோபம் வந்தது.

“சாக்குன்னு எனக்கும் தெரியுது. ஆனா அந்தப் பொம்பள கதவுக்குப் பின்னால மூச்சப் பிடிச்சிட்டு நிக்கா பாரு, அவ சாக்கப் பாத்துப் பயப்படல. அவ பயந்தா நானும் பயந்துதான ஆகணும்.”

செல்வகணேஷ் இதை ஒரு அரைத்தாளில் எழுதி, ‘கறிக்கடை அக்கா சொன்னது’ என்று மேலே தலைப்புப் போட்டுக் கடைக் கண்ணாடியில் ஒட்டினான். அந்தச் சிடிக்குக் கிராக்கி வந்துவிட்டது. அதன்பிறகு வாரம் ஒரு தாள் ஒட்டினான். கறி வாங்க வருகிறவர்கள் எதிரே போய் நின்று அதைப் படித்தார்கள். விளாத்திகுளத்திலிருந்து பருத்தி ஏற்றி வருகிற லாரிக்காரர்கள்கூட, அக்கா என்ன சொல்லியிருக்கிறாள் என்று கேட்டுவிட்டுத்தான் படம் எடுத்தார்கள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் ஆடி மாதம், கராத்தே மாஸ்டர் ராஜமணி ஒரு சிடியோடு கடைக்கு வந்தார். எட்டயபுரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துப் பின்புறம் அவர் கிளாஸ் நடத்தினார். நாற்பது பேர் படித்தார்கள். வாட்டசாட்டமான ஆள். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார், எல்லோருக்கும் வணக்கம் வைப்பார். அவர் இரண்டு வருடமாகத் தானே கதை எழுதி, தானே கதாநாயகனாக நடித்து, கல்யாண வீடியோ எடுக்கிறவரைக் கூட்டிக்கொண்டு குருமலை அடிவாரத்திலும் கரிசல் காட்டிலும் ஒரு படம் எடுத்திருந்தார். பெயர் ‘எரிமலைக் கால்கள்’. ரவுடிகளாக நடித்தவர்கள் அவருடைய மாணவர்கள். சிடியைக் கொடுத்துவிட்டு, அந்த அக்காவைப் பார்க்கச் சொல்லி நாலு வரி எழுதி ஒட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

பூங்கொடி அதை முழுசாகப் பார்த்தாள். சில இடங்களை நிறுத்தித் திரும்பவும் பார்த்தாள். சண்டைக்குச் சண்டை கண்டந்துண்டமாக வெட்டினார்கள். ரத்தம் குங்குமக் கரைசல் மாதிரி கொட்டியது. அதெல்லாம் பரவாயில்லை என்று செல்வகணேஷிடம் சொன்னாள். பெரிய கம்பெனிக்காரனே அப்படித்தான் எடுக்கிறான். ஆனால் வேறு ஒன்று இருந்தது. எழுதும்போது மாற்றி எழுதிவிடாதே என்று சொல்லிவிட்டுத்தான் அதைச் சொன்னாள்.

“மாஸ்டரு காலத் தூக்குதப்பல்லாம் கண்ண மூடிக்கிடுதாரு. எதிராளி எங்கன நிக்கான்னே அவியளுக்குத் தெரியல. அடிக்கதுக்குப் பயப்படுத ஆளு மாதிரி இருக்கு.”

செல்வகணேஷ் யோசித்தான். கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதினான். படத்தை எடுக்கப் பட்ட பாடு பாராட்டத்தக்கது என்று தன் கணக்கில் ஒரு வரியும் சேர்த்தான். ஒட்டிய அன்றே ஆட்கள் சிடியை எடுத்துப் போய்ப் பார்த்தார்கள். படத்துக்காக இல்லை, கண்ணுக்காகப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டில் ராஜமணியைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒற்றைக் காலைத் தூக்கினார்கள். டீக்கடையில் பெரிய ஆட்களே செய்தார்கள். நாற்பது மாணவர்களில் இருபது பேர் நின்றுவிட்டார்கள்.

செல்வகணேஷ் தாளைக் கிழித்துவிட்டு மாஸ்டரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனான். ராஜமணி சிரித்துக்கொண்டே, அதெல்லாம் ஒன்றுமில்லை தம்பி என்று காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்தச் சிரிப்புத்தான் தனக்குப் பிடிக்கவில்லை என்று அவன் வந்து பூங்கொடியிடம் சொன்னான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று கறி அவ்வளவாக ஓடாது. தங்கப்பாண்டியன் ஆடு பிடிக்க விளாத்திகுளம் பக்கம் போயிருந்தான். பதினொரு மணி வெயிலில் ராஜமணியும் அவருடைய இரண்டு மாணவர்களும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். ஒருவன் கையில் சங்கிலியால் கோர்த்த இரட்டைக் கட்டை இருந்தது. மற்றவன் சிடிக் கடைக்கு வெளியே நின்ற சைக்கிளைத் தூக்கிக் கண்ணாடியில் எறிந்தான்.

பூங்கொடி தொடைக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது செல்வகணேஷின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டிருந்தார்கள். ராஜமணி முதல் குத்தை மூக்கில் விட்டார். இரண்டாவது குத்தில் செல்வகணேஷ் விழுந்தான். விழுந்தவனை மூன்று பேரும் சேர்ந்து மிதித்தார்கள். ஒருத்தரும் வரிசையில் நிற்கவில்லை. ஒருத்தன் காலில் ஒருத்தன் இடறினான், ஒருத்தன் அடி இன்னொருத்தன் முழங்காலில் விழுந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. இரட்டைக் கட்டை வாயில் விழுந்தபோது பல் இரண்டு தெறித்துச் சாக்கடை ஓரம் கிடந்தது. செல்வகணேஷ் கத்தவில்லை. ‘உம், உம்’ என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம் மட்டும் வந்தது. முகத்தை மறைத்த கையை ஒருவன் மிதித்து விலக்கினான். ராஜமணி குதிகாலால் கண்ணில் உதைத்தார். அவருடைய கண் நன்றாகத் திறந்திருந்தது.

தெருவில் இருபது பேராவது நின்றார்கள். ஒருவரும் கிட்டே போகவில்லை.

பூங்கொடியும் நின்றாள். எவ்வளவு நேரம் என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை. ஐந்து அடி விழுகிற நேரமா, ஆறு அடி விழுகிற நேரமா. அவ்வளவு நேரமும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த அடி சரியாக விழவில்லை, அந்த உதை விலாவில் இறங்கிவிட்டது என்று உள்ளுக்குள் ஒருத்தி கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானம் சிடி டெக் முன்னால் உட்கார்ந்து சொல்லுகிற அதே ஆள்தான். பிறகு செல்வகணேஷின் தலை தரையில் மோதி ‘டொக்’ என்றது. அப்போதுதான் கால் நகர்ந்தது.

ராஜமணி ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கியிருந்தார். அவள் வெட்டுக்கத்தியோடு குறுக்கே போய், அந்தக் கையின் முழங்கைக்குக் கீழே இறக்கினாள். கத்தியைத் திருப்பி, முதுகுப்பக்கம் கீழே இருக்கப் பிடித்திருந்தாள். அதை யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது. ஆட்டின் முன்னங்கால் எலும்பு எப்படி விட்டுக்கொடுக்குமோ அப்படியே விட்டுக்கொடுத்தது. கம்பி விழுந்தது. ராஜமணியின் கை நடுவில் இன்னொரு மூட்டு முளைத்தது போல மடங்கித் தொங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாதவர் மாதிரி உட்கார்ந்தார். அவள் திரும்பவும் ஓங்கி மற்றக் கையின் தோள்பட்டையில் போட்டாள். அதுவும் உடைந்தது.

மாணவர்களில் ஒருவன் பின்னாலிருந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். அவள் திரும்பின வேகத்தில் கத்தியின் கூர் அவன் புஜத்தைக் கிழித்துக்கொண்டு போனது. சதை இரண்டாகப் பிளந்து, முதலில் வெள்ளையாகத் தெரிந்து, பிறகுதான் ரத்தம் வந்தது. இரண்டு பேரும் பைக்கை விட்டுவிட்டு ஓடினார்கள். பூங்கொடி மறுபடியும் ராஜமணியிடம் வந்தாள். அவர் புழுதியில் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை கத்தியின் கூர்ப்பக்கம் கீழே இருந்தது. டீக்கடைக்காரர் ஓடிவந்து பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டார். போதும் தாயி, போதும் தாயி என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது அவளுக்கு வெகுதூரத்தில் கேட்டது.

செல்வகணேஷைப் பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டி வாயைப் பூட்டிவிட்டார்கள். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்றார்கள். ராஜமணிக்கு வலது கையில் மாவுக்கட்டு, இடது தோளில் கட்டு. இரண்டு பக்கமும் புகார். பூங்கொடி நான்கு நாள் ஸ்டேஷனுக்கு நடந்தாள். கொலைமுயற்சி என்று எழுதினால் இரண்டு பக்கமும் உள்ளே போக வேண்டியிருக்கும் என்று பெரியவர்கள் பேசி, கடைசியில் சமாதானமாகப் போவதாக ராஜி எழுதிக்கொண்டார்கள். ஊரில் அவளைப் புகழ்ந்தார்கள். படத்திலேயே இப்படி ஒரு ஃபைட்டு பார்த்ததில்லை என்று கறி வாங்க வந்தவர்கள் சொன்னார்கள். அவள் கறியை நிறுத்துப் பொதிந்து கொடுத்தாள்.

அவள் படம் பார்ப்பதை விட்டுவிட்டாள். பயந்துவிட்டாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஒருநாள் சாப்பிட்டு முடித்த பிறகு தங்கப்பாண்டியனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அந்த இரண்டாவது அடி தேவையில்லாதது. முதல் அடியிலேயே கம்பி விழுந்துவிட்டது. ஆனாலும் அடித்தாள், ஏனென்றால் முதல் அடி நன்றாக இருந்தது. மூன்றாவதும் நன்றாகத்தான் இருந்திருக்கும். டீக்கடைக்காரர் பிடித்ததால் நின்றாளே தவிர, தானாக நிற்கவில்லை.

தங்கப்பாண்டியன் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தான். “ஆட்ட அறுக்கையில எனக்கு ஒண்ணும் தோணாது. நல்லாருக்குன்னும் தோணாது, பாவம்னும் தோணாது. உனக்கு நல்லாருந்துச்சுன்னா அது வேற சங்கதி. அத நீதான் பாத்துக்கிடணும்” என்றான். அவன் இவ்வளவு பேசுவது அபூர்வம்.

அவள் தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்து, எலும்பில்லாமல் வடிகட்டி, தூக்குச்சட்டியில் செல்வகணேஷ் வீட்டுக்குக் கொண்டுபோனாள். பூட்டிய பல் இடுக்கில் குழாய் வைத்து அவன் உறிஞ்சுவான். பேச முடியாது. ஒரு தாளில், தன் கடையை யாராவது திறந்தார்களா என்று எழுதிக் காட்டுவான்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, கடை கழுவுகிற நேரத்தில் ஒரு பெண் வந்து ஆட்டுக்கால் இருக்கிறதா என்று கேட்டாள். முப்பது வயதிருக்கும். மேல்வரிசையில் ஒரு பல் பாதி உடைந்திருந்தது. பூங்கொடி காலைச் சுட்டுத் தரவா, அப்படியே தரவா என்று கேட்டாள். எலும்பு கூடுவதற்கு எது நல்லதோ அதைத் தாருங்கள் என்றாள் அந்தப் பெண். யாருக்கு என்று கேட்டதும் ராஜமணியின் பெயரைச் சொன்னாள். அவள் அவருடைய மனைவி, பெயர் மாடத்தி, சொந்த ஊர் மணியாச்சி.

பூங்கொடிக்குக் கை நின்றுவிட்டது. ஊரில் வேறு கறிக்கடை இல்லையா என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் மாடத்தி. பிறகு தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“யக்கா, நீங்க சொன்னத நான்தான் மொதல்ல சொன்னேன். கம்ப்யூட்டர்ல படத்த ஒட்டிட்டு இருக்கையில, கண்ண மூடுதீக, இன்னொரு தடவ எடுங்கன்னு சொன்னேன். அன்னைக்குப் போனதுதான் இந்தப் பல்லு.”

மாடத்தி அழவில்லை. அவர் இந்த அக்காவை அடிக்க ஏன் வரவில்லை என்று தனக்குத் தெரியும் என்றாள். கையில் கத்தி இருக்கிற ஆளிடம் அவர் போக மாட்டார். இப்போது ஒரு கையும் தூக்க முடியாது, இவள்தான் ஊட்டிவிடுகிறாள். ஒன்றரை மாதமாக வீட்டில் அடி கிடையாது. அதற்காகச் சந்தோஷப்படலாமா கூடாதா என்பதுதான் பிடிபடவில்லை என்றாள்.

நாலு கால்களையும் பொதிந்து கொடுத்து, பூங்கொடி காசு வேண்டாம் என்றாள். மாடத்தி காசை வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

“அந்தப் படத்துல நானும் வாரேன். கெணத்தடி சீன்ல. அது எப்படி இருந்துச்சுன்னு நீங்க ஒண்ணும் சொல்லலியே.”

பூங்கொடிக்கு அந்தக் காட்சி நினைவில் இல்லை. மழுப்பவும் வரவில்லை. நினைவில்லை, சிடி இருந்தால் கொண்டு வா, பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன் என்றாள். மாடத்தி முந்தானைக்குள்ளிருந்து சிடியை எடுத்தாள். கொண்டுதான் வந்திருந்தாள்.

உள்ளே தங்கப்பாண்டியன் தூங்கிக்கொண்டிருந்தான். டெக்கின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டுப் பூங்கொடி சிடியைப் போட்டாள். முதல் சண்டை வந்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாடத்தி வேகமாக ஓட்டச் சொன்னாள். கரிசல் காட்டு நடுவே ஒரு கிணறு. ஒரு பெண் குடத்தோடு வருகிறாள். இரண்டு ரவுடிகள் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கல் மேல் தள்ளுகிறார்கள். தாடை கல்லில் மோதுகிறது. அரை நிமிஷம்தான். உடனே கதாநாயகன் பாய்ந்து வந்துவிடுகிறார்.

நிஜமாகவே தள்ளினார்கள் என்றாள் மாடத்தி. நடிப்பு மாதிரித் தெரியக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். ஆறு தடவை எடுத்தார்கள். தாடைக்குக் கீழே நாலு தையல் போட்ட தழும்பை விரலால் காட்டினாள்.

பூங்கொடி அந்த இடத்தை மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது தடவை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். உள்ளுக்குள் இருந்த அந்த ஆள் மறுபடி பேசத் தொடங்கியிருந்தாள். ஆனால் அவள் இந்தத் தடவை அடியைப் பார்க்கவில்லை.

“விழுந்ததுக்குப் பொறவு நீ கேமராவப் பாக்கல. ரத்தத்தயும் தொட்டுப் பாக்கல. கொடம் எங்கன உருண்டு போச்சுன்னு தேடுத. அடிபட்டவ அதத்தான் தேடுவா. இந்தப் படத்துல வேற யாருக்கும் அது தெரியல.”

“அவிய ‘கட்’னு சொன்னது எனக்குக் கேக்கல யக்கா. படம் முடிஞ்சிருச்சுன்னே தெரியல. நெசமாவே கொடத்தத்தான் தேடுனேன். எங்க அம்மா வீட்டுக் கொடம்.”

“அப்ப சரிதான். நல்லா இருக்கு.”

எழுதி ஒட்டச் சொல்லவா என்று பூங்கொடி கேட்டாள். மாடத்தி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளும் சொல்லவில்லை, பூங்கொடியும் கேட்கவில்லை. கடைசியில், ஒட்டுங்கள், பெயரோடு ஒட்டுங்கள் என்றாள்.

செல்வகணேஷுக்கு அந்த வாரம்தான் வாய்க்கம்பியை அவிழ்த்திருந்தார்கள். ஒற்றைக் கண்ணால் எழுதப் பழகியிருக்கவில்லை. வரி மேலேறிக் கீழிறங்கியது. எழுதும் முன்பு, ராஜமணியின் மனைவிக்காகத் தான் ஏன் எழுத வேண்டும் என்று கேட்டான். கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. பூங்கொடி பல் சங்கதியைச் சொன்னாள். அவன் தன் தாடையைத் தடவிவிட்டு எழுதினான். புதுக் கண்ணாடியில் அந்தத் தாள் ஒரு மாதம் இருந்தது.

ராஜமணியின் கை கோணலாகத்தான் கூடியது. கார்த்திகையில் அவர் திருப்பூருக்கு ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். மாடத்தி கூடப் போகவில்லை. அதற்காகப் பெரிய சண்டை நடந்தது என்றும், அவர் இடது கையை ஓங்கினார் என்றும், அவள் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு நின்றாள் என்றும் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அவள் இளையரசனேந்தல் ரோட்டில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போனாள்.

அங்கே வேலை இல்லாத மத்தியானங்களில் பூங்கொடி வீட்டுக்கு வருவாள். பூங்கொடி சண்டைப் படங்களை எடுப்பதில்லை. எடுக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று செல்வகணேஷிடம் சொல்லியிருந்தாள். பேய்ப் படம் போட்டார்கள். முதல் படத்திலேயே இருவருக்கும் தகராறு வந்தது. இந்தப் பேய்க்கு யார் வெள்ளைச் சேலை வாங்கிக் கொடுத்தது, பஸ்ஸில் அடிபட்டுச் செத்தபோது பச்சைச் சேலைதானே கட்டியிருந்தாள் என்று மாடத்தி கேட்டாள். பூங்கொடி படத்தை நிறுத்திவிட்டு யோசித்தாள். இத்தனை வருடத்தில் அவளுக்கு அது தோன்றியதே இல்லை.